நாலாவது டீம்

தம்பி, அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடக்கி வைங்க. நீங்க விரிச்சுப் பிடிச்சிருக்கையிலயே கடைசிப் பக்கத்த இங்கேருந்து படிச்சிட்டேன். ஏதோ ஒரு டீம ஆட்டத்துக்கு எடுக்காம விட்டுட்டாவளாம். எடுத்தது சரியா, விட்டது சரியான்னு நாலு பேரு போட்டோவப் போட்டு நாலு பத்தி எழுதியிருக்கான். அந்த நாலு பேருல ஒருத்தராவது செலக்‌சன் கமிட்டியில உக்காந்திருப்பாவளா? நான் உக்காந்திருக்கேன். சிரிக்காதிய. புட்பால் கமிட்டி. காலேஜ் புட்பால்.

ஏ தாயி, அந்த மீன் கூடைய அங்கிட்டுத் தள்ளி வையேன். தண்ணி பூரா பஸ்ஸுப் படியில வடியுது. பாவம், காலையில சுமந்துட்டுப் போயி வித்துட்டு வெறுங்கூடையோட ஊருக்குத் திரும்புதாவ, அவியளையும் ஒண்ணும் சொல்ல முடியல.

என் பேரு பிரமசக்தி. பயலுவளுக்கு சக்தியக்கா. மேலக்கரை காலேஜ் ஆஸ்டல் மெஸ்ஸுல பதினாலு வருசம் சமையல் பொறுப்பு. இப்ப பைபாஸ் ரோட்டுல ஒரு காலேஜ் மெஸ்ஸுல இருக்கேன், அது வேற கதை. இந்த நோட்டீசப் பாருங்க. கண்ணாடி போட்டிருக்கியள்லா, நல்லாவே படிக்கலாம். 'தோணித்துறை திருவிழா கால்பந்துப் போட்டி. அணித் தேர்வுக் குழுத் தலைவர் திருமதி பிரமசக்தி அவர்கள்.' அவர்கள்னு போட்டிருக்கான் பாத்தியளா? என் கல்யாணப் பத்திரிகையிலயே எனக்கு அவர்கள் கெடையாது. இன்னைக்கு அங்கதான் போறேன். நாலு மணிக்குக் கமிட்டி.

நீங்களும் தோணித்துறைதானா? நல்லதாப் போச்சு. ஒரு மணி நேரம் இருக்கு. கேளுங்க.

மேலக்கரை காலேஜுல வருசா வருசம் நிறுவனர் கோப்பைன்னு ஒரு போட்டி நடக்கும். பன்னெண்டு காலேஜு டீம் வரும். குரூப்புக்கு நாலுன்னு மூணு குரூப்பு. மூணு நாளு அடிச்சிப் பிடிச்சு ஆடுவானுவ. ஒவ்வொரு குரூப்புலயும் மொதல்ல வந்த டீம் நேரா செமி பைனலுக்குப் போயிரும். மூணு டீம் ஆச்சா? செமி பைனலுக்கு நாலு வேணும்லா. அந்த நாலாவது டீமத்தான் கமிட்டி உக்காந்து எடுக்கும். மூணு குரூப்புல ரெண்டாவது வந்தவனுவள்ல யாரு நல்ல டீமுன்னு பாத்து எடுக்கணும். நல்ல டீமுன்னா என்னன்னு எங்கயும் எழுதி வைக்கல. அங்கதான் சனியன் புடிச்சுது.

செமி பைனலுக்கு வந்துட்டா ஒரு சர்டிபிகேட் உண்டு. அதுக்குத்தான் பயலுவ உசிர விடுதது. அந்தப் பக்கத்து ஆலையில விளையாட்டுக்காரனுக்குன்னு ஒதுக்குத வேலைக்கு அந்தக் காயிதம் இருந்தாத்தான் உள்ளயே விடுவான். ஆடுனவனுக்கும் உண்டு, பெஞ்சுல உக்காந்து தண்ணி குடுத்தவனுக்கும் உண்டு. டீமுல பேரு இருந்தாப் போதும். கப்பெல்லாம் பிரின்சிபால் ரூம்பு அலமாரிக்கு. காயிதந்தான் பயலுவளுக்கு.

மொத வருசம் கமிட்டியில நாலே பேருதான். ரெண்டுக்கு ரெண்டுன்னு நின்னு, மத்தியானச் சோறு ஆறிப்போயி, சாயங்காலம் சீட்டுக் குலுக்கிப் போட்டாவ. சீட்டுல விழுந்த டீம் அதுக்குள்ள பஸ் ஏறி ஊரு போய்ச் சேந்துட்டு. பொறவுதான், அஞ்சாவதா ஒரு ஆளு வேணும், எந்த டீமையும் சாராத ஆளா வேணும்னு தேடுனாவ. காலேஜுல அப்படி ஒரு ஆளு எங்க கெடைக்கும்? ஒவ்வொருத்தருக்கும் மச்சான் ஒரு காலேஜு, மருமவன் ஒரு காலேஜு. அப்பத்தான் பி.டி. மாஸ்டர் ஞானதுரை சார் சொன்னாவ, "எல்லா டீமுக்கும் ஒரே கரண்டியில ஊத்துத ஆளு நம்ம சக்தியம்மாதான். அவிய இருக்கட்டும்." மேலக்கரைக்கும் ஒரு டீம் உண்டேன்னு கேப்பிய. எங்க டீம் எந்த வருசமும் ரெண்டாவது வந்ததில்ல, அதனால பிரச்சினையே இல்ல.

அப்படித்தான் நான் நடுநிலையான ஆளு ஆனேன். பேப்பர்லயே எழுதுனாவ, 'நடுநிலை உறுப்பினர்'னு.

ஒரு மேட்ச் முழுசாப் பாத்திருக்கேனான்னு கேட்டா இல்ல. அத்தன பேருக்கும் மாவாட்டி, சோறு வடிச்சு, எனக்கு எங்க நேரம்? ஆனா நான் பாக்குதது வேற. ஒரு டீம் தோத்துட்டு வந்த அன்னைக்கு எப்படிச் சாப்பிடுதுன்னு பாப்பேன். தோத்துட்டு வந்தும் ரெண்டாந்தடவ சோறு வாங்குதான்னா அவன் நெஞ்சுறுதி உள்ளவன். தட்டத் தள்ளிவிட்டு மூஞ்சத் தூக்குதவன் ஒண்ணுக்கும் ஆவ மாட்டான். இத ஒரு நோட்டுல எழுதியே வச்சிருந்தேன். ஒரு வருசம் இந்தக் கணக்குப்படி ஒரு டீமுக்குக் கை தூக்குனேன். செமி பைனல்ல அஞ்சு கோல் வாங்குனானுவ. ஆனா அன்னைக்கும் நல்லாச் சாப்பிட்டானுவ, அதச் சொல்லணும்.

நான் சொல்ல வந்தது ரெண்டு வருசத்துக்கு முந்துன கதை. அந்த வருசம் ரெண்டாவது வந்த மூணு டீமுல ஒண்ண யாருக்கும் ஞாபகமே இல்ல, அவனுவளே நம்பிக்கை இல்லாமப் பெட்டியக் கட்டிட்டானுவ. மிச்சம் ரெண்டு. ஒண்ணு பைபாஸ் ரோட்டுல இருக்க இன்ஜினியரிங் காலேஜு. பேரு வேண்டாம், பைபாஸ் காலேஜுன்னே வச்சிக்கிடுங்க. இன்னொண்ணு தோணித்துறை காலேஜு.

பைபாஸ் காலேஜு ரெண்டு ஜெயிச்சு ஒண்ணு தோத்தது. ஆனா பதினோரு கோல் போட்டிருந்தானுவ. பதினொண்ணுன்னதும் எல்லாரும் வாயப் பொளந்தாவ. அதுல ஏழு கோலு யாரு மேல போட்டதுன்னு ஒருத்தரும் கேக்கல. அந்த டீமுல ரெண்டு பேருக்கு அரியர் பரீட்சை, ஒம்பது பேரோட வந்து நின்னுச்சு அது. தோத்த அன்னைக்கு பைபாஸ் பயலுவ என் சாம்பார மோந்து பாத்துட்டு, வெளிய போயி பரோட்டா தின்னானுவ. அதையும் நோட்டுல எழுதிக்கிட்டேன்.

தோணித்துறை ஒண்ணுக்குச் சைபர், ஒண்ணுக்குச் சைபர், கடைசி ஆட்டம் சைபருக்குச் சைபர். ஒரு ஆட்டம் தோக்கல. ஒரு கோல் வாங்கல. ஆனா குரூப்புல மொதல்ல வந்தவன் கோல் கூடப் போட்டிருந்ததால இவனுவ ரெண்டாவது. தோக்காததால எப்படிச் சாப்பிடுவானுவன்னு எனக்குச் சோதிக்கவே வழியில்லாமப் போச்சு.

கோல் வாங்காததுக்குக் காரணம் ஒரே ஒரு பய. கோல் காக்குத கோலி, இன்னாசி. ஓங்குதாங்கா, கை ரெண்டும் முட்டிக்குக் கீழ தொங்கும். கடைசி வருசம் படிச்சான். அவன் அப்பா கட்டுமரத்துக்குப் போறவரு, நீ கடலுக்கு வராத, கரையில ஒரு வேலையப் பாருன்னு சொல்லியே வளத்திருக்காரு. அந்தச் சர்டிபிகேட்ட நம்பித்தான் இருந்தான். மெஸ்ஸுல அவன் சாப்பிட்டா எனக்கே வயிறு நெறையும். வடைன்னா உசிரு. ஒவ்வொரு தடவையும் வந்து, "யக்கா, இந்த வடையில என்னத்தப் போடுதிய?"ம்பான். "ஒன் கண்ணு பட்டு உப்பு கூடிருச்சு, போல அங்கிட்டு"ன்னு வெரட்டுவேன். சிரிப்பாணி தாங்காது அவனுக்கு.

நாலாம் நாளு காலையில கையி ஒடிஞ்சிட்டு. வலது மணிக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்.

பாத்ரூம்னா ஆஸ்டல் பாத்ரூம். பயலுவ சோப்ப அங்கங்க போட்டுருவானுவ. என் மெஸ்ஸுத் தரை அப்படி இருக்காது. மூஞ்சி பாக்கலாம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதிய, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

பதினோரு மணிக்குக் கமிட்டி. கதவ அடச்சிட்டு உக்காந்தோம். யாரு யாருக்குக் கை தூக்குனான்னு வெளிய போவக் கூடாது, அது ஞானதுரை சார் வச்ச சட்டம். நான்தான் மோரு ஊத்திக் குடுத்தேன்.

மேத்ஸ் புரொபசர் கோமதிநாயகம் ஒரு மிசினு மாதிரி. கம்ப்யூட்டர்ல என்னவோ கணக்குப் போட்டுக் கொண்டாருவாவ. எதிராளி எவ்வளவு பலம், எத்தன கோலு, எந்த நேரத்துல கோலுன்னு எல்லாத்தையும் பெருக்கி வகுத்து ஒரு நம்பரு வரும். மொத வருசம் அந்தக் கணக்குல, போட்டிக்கே வராத ஒரு டீமுக்கு மூணாவது எடம் வந்துச்சு. ஏன் சார்னு கேட்டா, அவனுவ ஒரு ஆட்டமும் தோக்கலையேன்னாவ. இந்தத் தடவ கணக்கத் திருத்திட்டேன்னு சொன்னாவ. திருத்துன கணக்குல பைபாஸ் காலேஜு ஒரு புள்ளி கூட வந்துச்சு.

ஒடனே இபுராகிம் சாருக்கு வந்துச்சே கோவம். அவிய முப்பது வருசம் ரெப்ரியா இருந்தவிய, இப்பவும் பேசும்போது விசில் ஊதுத மாதிரி வாயக் குவிப்பாவ. "தோக்காதவன வெளிய நிறுத்திட்டுத் தோத்தவன உள்ள கூப்பிடுதது எந்தக் கிரவுண்டு நியாயம் சார்?"

"சார், ஜெயிச்ச டீம் வேற, சாயங்காலம் எறங்கப் போற டீம் வேற. கோலி இல்லாத தோணித்துறைய நாம பாத்ததே இல்லையே"ன்னாவ புரொபசர்.

"பாக்காததுக்கு மார்க்கக் கொறைப்பியளோ? உங்க பரீட்சையில அப்படித்தானா?"

கப்பு குடுக்குதது பாத்திரக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி. அவியளுக்கு நியாயமும் தெரியாது, கணக்கும் தெரியாது. பாத்திரம் வெளக்குன மாதிரி பளிச்சுன்னு சொன்னாவ. "பைபாஸ் காலேஜ எடுத்தா இருவது பஸ்ஸுல ஆளு வரும். தோணித்துறைய எடுத்தா ஒரு மாதாகோயில் சாமியாரும் ஒரு தண்ணிக் கொடமும் வரும். என் பேனர யாரு பாக்குதது?" அந்த ரூம்புல உள்ளதச் சொன்னது அவிய ஒருத்தர்தான்னு இப்ப தோணுது.

ஞானதுரை சார் மெதுவாத்தான் பேசுவாவ. "அந்தப் பையன் எப்படி விழுந்தானாம்?"னு கேட்டாவ. "பாத்ரூம்ல"ன்னாவ புரொபசர். நான் மோருல உப்பு சரியான்னு பாத்துக்கிட்டிருந்தேன். "மூணு நாளு ஆடி வாங்குன எடத்த, ஒரு நாளு காலையில கையி ஒடிஞ்சதுக்காகப் பறிக்கக் கூடாது. டீமுன்னா பதினோரு பேரு. நான் தோணித்துறைக்கு"ன்னுட்டாவ.

புரொபசரும் அண்ணாச்சியும் பைபாஸ். இபுராகிம் சாரும் ஞானதுரை சாரும் தோணித்துறை. ரெண்டுக்கு ரெண்டு. நாலு பேரும் என்னப் பாத்தாவ.

நான் நடுநிலையா யோசிச்சேன் தம்பி. நெசமாத்தான். தோணித்துறைக்குக் கை தூக்குனா என்ன பேசுவாவ? இந்தப் பொம்பள அந்தப் பய மேல பரிதாபப்பட்டுத் தூக்கிட்டான்னு பேசுவாவ. ஏன் பரிதாபம்னு அடுத்த கேள்வி வரும். ஒண்ணு கேட்டா ஒம்பது கேப்பானுவ. கமிட்டியில இருக்கவளுக்குப் பரிதாபம் ஆவுமா? மனசு அந்தப் பக்கம் சாயிதுன்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் நிக்கணும், அதுதான நடுநிலை? பைபாஸ் காலேஜுக்குக் கை தூக்கிட்டேன்.

இபுராகிம் சார் மோரக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாவ. ஒரு வாய் குடிக்கல. என் மோர மிச்சம் வச்ச ஒரே ஆளு அவியதான்.

போர்டுல நோட்டீசு ஒட்டுனதும் தோணித்துறைப் பயலுவ சாப்பிட வந்தானுவ. சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும். வழக்கமா அவனுவ வந்தா மெஸ்ஸே அதிரும். அன்னைக்கு தட்டுச் சத்தம் மட்டுந்தான். நான் சோதிக்கணும்னு நெனச்சேம்லா, தோத்தா எப்படிச் சாப்பிடுவானுவன்னு? பதினஞ்சு பேரும் ரெண்டாந்தடவ சோறு வாங்குனானுவ. ஒருத்தன் பாக்கியில்லாம வாங்கி, வழிச்சுத் தின்னு, தட்டக் கழுவி அடுக்கி வச்சானுவ. தோக்காமத்தான் அப்படிச் சாப்பிட்டானுவ, அத எந்தக் கணக்குல எழுத?

இன்னாசிக்கு மாவுக்கட்டு. பக்கத்துல ஒருத்தன் சோத்தப் பெசஞ்சு ஊட்டிவிட்டான். போகும்போது என்கிட்ட வந்தான். கண்ணு செவந்து கெடந்துச்சு. குரலத் தாழ்த்திச் சொன்னான், "யக்கா, கவலப்படாதிய. நீங்க எங்களுக்குத்தான் கை தூக்கியிருப்பியன்னு எனக்குத் தெரியும். பயலுவள்ட்டயும் சொல்லிட்டேன்."

ஓட்டு ரகசியம். சட்டம் இருக்குல்லா. நாலு வடைய காயிதத்துல சுருட்டி அவன் பையில வச்சேன்.

பொறவு நடந்ததுதான் கூத்து. பைபாஸ் காலேஜு செமி பைனல்ல ஜெயிச்சான். மறுநாளு பைனல்லயும் ஜெயிச்சான். கப்பத் தூக்கிட்டு இருவது பஸ்ஸும் ஆரன் அடிச்சிக்கிட்டே போச்சு. அண்ணாச்சி என்கிட்ட வந்து, "பாத்தியா சக்தி, நம்ம எடுத்தது சரிதானே? உன் ஓட்டுதான் ஓட்டு"ன்னாவ. புரொபசர் அந்தக் கணக்க ஒரு கட்டுரையாவே எழுதிட்டாவளாம். ஜெயிச்சிட்டான், அப்ப எடுத்தது சரி. எல்லாரும் அதத்தான் சொன்னாவ. நானும் அதத்தான் சொல்லிக்கிட்டேன். ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஏன் அப்படிப் பாக்கிய தம்பி? நீங்க ஒண்ணும் கேக்கல, ஆனா பார்வை கேக்குது.

அந்தப் பய ஏன் எனக்குப் போயி ஆறுதல் சொல்லணும்னுதான? சரி, கேட்டுக்கிடுங்க. தோணித்துறை வாரதுக்குள்ள முடிச்சிருதேன்.

பாத்ரூம் இல்ல. மெஸ்ஸு.

அன்னைக்குக் காலையில இட்லி, வடை, சாம்பாரு. எட்டு மணிக்கு சாம்பார் வாளி தளும்பி, பரிமாறுத எடத்துக்கு முன்னால ஒரு பாய் அளவுக்குக் கொட்டிட்டு. நான் பாத்தேன். பாத்துட்டு மாப்பு எடுக்கப் போனேன். அந்த நேரத்துல பைபாஸ் காலேஜு மேனேஜர் வந்து நிக்காரு. "எங்க மெஸ்ஸ எடுத்து நடத்த நல்ல ஆளு தேடுதோம்மா. உங்க கைப்பக்குவம் எல்லாரும் சொல்லுதாவ. பாத்திட்டுப் போலாம்னு வந்தேன்"னு சொல்லுதாரு. அந்த மனுசன் முன்னாடி மாப்பத் தூக்கிட்டு நின்னா என்ன நெனப்பாரு? இவரு கை கழுவப் போவட்டும், பொறவு தொடைப்போம்னு மாப்பச் சொவத்துல சாத்திட்டேன். மெஸ்ஸு எப்படிச் சுத்தம்னு காட்டப் பாத்தேன், தரைய மறைச்சுக்கிட்டு.

அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. என் வடைக்கு எவ்வளவு கிராக்கின்னு அவருக்குக் காட்டணும்னு ஒரு புத்தி. மத்தவனுவ சாப்பிட்டுப் போயாச்சு, அங்கன மூலையில இன்னாசி மட்டும் உக்காந்திருந்தான். நான்தான் கூப்பிட்டேன். "ஏல இன்னாசி, சூடா ரெண்டு வடை இருக்கு, வெரசா வா." கூப்பிட்டது நான் தம்பி. அவன் கேக்கல. நான் கூப்பிட்டேன்.

மேனேஜரு கை கழுவத் திரும்புனாரு. அவன் ஓடி வந்தான். தரையில கெடக்குதது எனக்குத் தெரியும். வாயத் தொறந்து, நில்லுலன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுத்தா அவரு திரும்பிப் பாப்பாருல்லா? ஒரு நொடி அதத்தான் யோசிச்சேன். அந்த ஒரு நொடிதான். கைய ஊனி விழுந்தான். சுள்ளிய ஒடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, கொழாய்த் தண்ணிச் சத்தத்துல மேனேஜருக்குக் கேக்கல.

அவன் கத்தல. எந்திரிச்சு, மணிக்கட்டப் பிடிச்சிக்கிட்டு, என் மூஞ்சப் பாத்தான். மேனேஜர் பேசுனதெல்லாம் அவன் காதுலயும் விழுந்திருக்கு. அந்த வலியிலயும் அந்தப் பய சொல்லுதான், "யக்கா, நான் பாத்ரூம்ல விழுந்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நீங்க மொதல்ல அதத் தொடச்சிருங்க." சொல்லிட்டுப் பின்வாசல் வழியா வெளிய போயிட்டான்.

நான் தொடச்சேன். மூஞ்சி பாக்குத அளவுக்குத் தொடச்சேன். அப்படியே சேலையில கையத் தொடச்சிட்டுக் கமிட்டிக்குப் போனேன்.

கமிட்டியில ஞானதுரை சார் கேட்டாவள்லா, எப்படி விழுந்தான்னு? அப்ப நான் சொல்லியிருந்தா அவிய பேச்சே வேற மாதிரி போயிருக்கும். புரொபசருக்குக் கூட மனசு எளகியிருக்கும். சொல்ல வேண்டாம், கையையாவது அந்தப் பக்கம் தூக்கியிருக்கலாம். அதுக்கும் பயம். எனக்காகப் பொய் சொன்ன பயலுக்குச் சேர வேண்டிய காயிதத்த என் கையால பறிச்சிட்டேன் தம்பி. நடுநிலையாம் நடுநிலை. வெறுவாக்கெட்ட மூதி நான்.

அடுத்த மாசமே பைபாஸ் காலேஜு மெஸ்ஸு எனக்குக் கெடச்சிட்டு. அந்த ஓட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, மேனேஜருக்கு நான் யாருக்குக் கை தூக்குனேன்னே தெரியாது. சம்பந்தமில்லதான். ஆனா அங்க ஒவ்வொரு நாளும் நானே குனிஞ்சு தரையத் தொடைக்கேன். வேலைக்கு ஆறு பேரு இருக்காவ, இருந்தும் நான்தான் தொடைக்கேன்.

இன்னாசி இப்ப அவன் அப்பாகூடக் கடலுக்குப் போறான். எந்த வேலைக்கு வேண்டாம்னு வளத்தாரோ அதே வேலை. கையி சேந்துட்டு, கொஞ்சம் கோணலாத்தான் சேந்திருக்காம். போன வாரம் போன் பண்ணுனான். "யக்கா, எங்க ஊருத் திருவிழாவுக்கு நாங்களே டோர்னமென்ட் நடத்துதோம். எட்டு டீமு எடுக்கணும், பதினாறு டீமு கேக்கான், ஊருல அடிதடி. யாரு கமிட்டின்னு கேட்டானுவ. எனக்குத் தெரிஞ்சு நியாயமான ஆளு நீங்க ஒருத்தர்தான்னு சொல்லிட்டேன். நோட்டீசு அடிச்சாச்சு, வந்துருங்க"ன்னான். வர முடியாதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள, "வடை மாவு மட்டும் கொண்டாங்க யக்கா"ன்னுட்டு வச்சிட்டான். இந்தா தூக்குச்சட்டியில இருக்கு.

டீம எப்படி எடுக்கணும்னு பேப்பர்ல எழுதுதானுவளே, ஒண்ணு சொல்லட்டா? கோல எண்ணுங்க, எதிராளியப் பாருங்க, கம்ப்யூட்டர்ல போடுங்க, சோறு திங்குததப் பாருங்க, எதையும் செய்யுங்க. மொதல்ல, எடுக்கப் போறவன் தரையில என்னத்த மறைச்சு வச்சிருக்கான்னு பாருங்க. அத எவன் எழுதுதான்?

இந்த நோட்டீச ராத்திரி பகலா வச்சிப் பாத்துக்கிட்டிருக்கேன். அவர்கள்னு போட்டிருக்கான் சவத்துப்பய. எறங்குனதும் மொத வார்த்தையா அவன்கிட்டச் சொல்லிரணும்னுதான் கெளம்பி வந்திருக்கேன். அந்தப் பதினஞ்சு பேரும் வந்திருப்பானுவ. எல்லாரையும் நிறுத்தி வச்சிச் சொல்லணும். பொறவு கமிட்டியில வச்சிக்கிடுவானோ, இதே பஸ்ஸுல ஏத்தி வெரட்டுவானோ, அது அவனுவ பாடு. தைரியம் வந்தபாடில்ல தம்பி. தோணித்துறை தாண்டி அடுத்த ஸ்டாப்புக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு எடுத்திருக்கேன், உங்ககிட்ட மறைப்பானேன்.

வந்துட்டு. அன்னா, கொடி கட்டியிருக்கு பாருங்க. மேளம் வேற வச்சிருக்கானுவ, வெளங்குமா இது. அந்த ஒசரமா நிக்கவன்தான் இன்னாசி. என்னப் பாத்துட்டான். கையத் தூக்கிக் காட்டுதான் பாருங்க, அந்தக் கையிதான். மணிக்கட்டு எப்படி வளைஞ்சிருக்கு.

இந்தத் தூக்குச்சட்டியக் கொஞ்சம் பிடிங்க தம்பி. கண்டக்டர் அண்ணே, ஒரு நிமிசம் நிறுத்துங்க, நான் எறங்கணும். டிக்கெட்டு எங்க எடுத்திருந்தா என்ன, இங்கதான் எறங்கணும். ஏ தாயி, கூடைய எடு. எடுன்னு சொல்லுதேம்லா, படி பூரா தண்ணி.

ஐயோ, அந்தப் பய என் பையத் தூக்குததுக்கு இங்க ஓடி வாரானே.

ஏல இன்னாசி, நில்லுல. ஏறாத. படியில தண்ணி கெடக்கு, வழுக்கும். நீ அங்கனயே நில்லு, நான் எறங்கி வாரேன்.